நான்கு எழுத்துச் சரித்திரம்

ஒரு வழக்கில் வாதியின் கட்சியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நல்ல நீதிபதி என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால் தேச சரித்திரங்களைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வென்றவன் புத்தகம் எழுதுகிறான். தோற்றவனுக்கு எழுத அவகாசமில்லை. எழுதினாலும் அதைக் காப்பாற்றி வைக்க ஆளில்லை. நூறு வருஷம் சென்றபின், வென்றவன் எழுதியதே சரித்திரம் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. தோற்றவனுடைய பேரப்பிள்ளைகளே அதைப் பாடமாக நெட்டுருப் போடுகிறார்கள். இந்த அநுபவம் நம் தேசத்தாருக்குப் புதிதன்று.

இதே விபத்து ஒரு காலத்தில் பிரிட்டனுக்கும் நேர்ந்தது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலேயரின் மூதாதைகள் அந்தத் தீவில் குடியேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு அங்கே கெல்ட்டிய பாஷை பேசிய ஜனங்கள் வாழ்ந்தார்கள். இன்று வேல்ஸ் நாட்டில் வழங்கும் பாஷை அவர்களுடைய பாஷையின் வழித்தோன்றல். ஒரே ராஜ்யமாக இல்லாமல் பல குலங்களாகப் பிரிந்திருந்த அவர்களை ரோமாபுரிச் சக்கரவர்த்தி கிளாடியஸின் சேனை கி. பி. 43-ஆம் வருஷம் தாக்கி அடக்கத் தொடங்கியது. அவர்களைப் பற்றி நூல்களில் நாம் படிப்பதெல்லாம் ரோமானியரும் கிரேக்கரும் எழுதியவை. உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொள்பவர்கள், தோலை உடுத்துபவர்கள், மிலேச்சர்கள் என்றெல்லாம் அந்த நூல்கள் சொல்லுகின்றன. அந்தக் குலங்கள் தம் கையால் எழுதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவர்கள் வாயடைத்துப் போய்விடவில்லை. நம் பழைய வெள்ளி இரண்டணாவைவிடச் சற்று இலேசான சிறு வெள்ளிக் காசுகளை அவர்கள் அச்சடித்துப் புழங்கினார்கள். அவற்றில் சிலவற்றில் தங்கள் பெயரையும் பொறித்தார்கள். தங்களைப் பற்றி அவர்களே எழுதி வைத்த சரித்திரம் அவ்வளவுதான். சில இடங்களில் அது நான்கே எழுத்து. அந்த நான்கு எழுத்துக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பதையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

வெள்ளியே இல்லாத தீவு

ஜூலியஸ் ஸீஸர் கி. மு. 55-லும் 54-லும் இருமுறை கடலைக் கடந்து பிரிட்டனில் இறங்கினார். அங்குள்ளவர்கள் வெண்கலத்தையும் பொற்காசையும், நிறுத்து அளவிட்ட இரும்புத் துண்டுகளையும் பணமாக வழங்குகிறார்கள் என்று அவர் எழுதி வைத்தார். வெள்ளியைப் பற்றி அவ்விடத்தில் பேச்சே இல்லை. இரண்டாவது படையெடுப்பின் போது ரோமாபுரியில் இருந்த பெரும் நாவலர் ஸிஸரோ தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தீவில் எள்ளளவு வெள்ளியும் கிடையாது என்றும், அடிமைகளைத் தவிர வேறு கொள்ளைக்கு இடமில்லை என்றும் அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். படையெடுப்பின் உள்நோக்கம் இன்னதென்று விளங்குவதற்கு இந்த ஒரு கடிதமே போதும் அல்லவா?

சுமார் இரண்டு தலைமுறை கழித்து ஸ்ட்ராபோ என்ற கிரேக்க பூகோள ஆசிரியர் அதே தீவின் ஏற்றுமதிச் சரக்குகளைக் கணக்கிடுகிறார். தானியம், ஆடுமாடு, தோல், அடிமைகள், வேட்டை நாய்கள் ஆகியவற்றோடு பொன், வெள்ளி, இரும்பு என்றும் அவர் ஜாபிதாவில் காண்கிறோம். ஸிஸரோவின் காலத்தில் இல்லாத வெள்ளி ஸ்ட்ராபோவின் காலத்தில் எங்கிருந்து வந்தது?

பூமிக்குள் அது முன்பே இருந்தது. தீவின் மேற்குப் பாகத்தில் மெண்டிப் என்ற குன்றுத் தொடரில் ஈயக் கனிமம் உண்டு. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம். கிளாடியஸின் படை இறங்கிய ஆறு வருஷத்திற்குள், அதாவது கி. பி. 49-லேயே, அங்கே எடுத்த ஈயப் பாளத்தில் ரோமானிய முத்திரை விழுந்துவிட்டது. இரண்டாவது ஊற்று ரோமானியருடைய வெள்ளிக் காசுதான். டெனாரியஸ் எனப்படும் அந்தக் காசு வியாபாரத்தின் வழியாகவும், சிற்றரசர்களைக் கைக்குள் போட்டுக்கொள்வதற்கு அளித்த வெகுமதியாகவும் தீவுக்குள் வந்தது. தீவின் தட்டார்கள் அதை மூசையிலிட்டு உருக்கித் தங்கள் முத்திரையைப் பதித்தார்கள்.

அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் சக்கரவர்த்திகளின் டெனாரியஸ் காசுகள் நம் கோயமுத்தூர்ச் சீமையிலும் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. கரூரிலும் பொள்ளாச்சியிலும் மண்ணைத் தோண்டியவர்கள் கண்ட காசும், பிரிட்டனில் உலையில் உருகிய காசும் ஒரே அக்கசாலைகளில் பிறந்தவை. இங்கே அவை மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்தன. அங்கே காசுக்குப் பின்னால் படையும் வந்தது. ஒரே காசுக்கு இரண்டு தேசங்களில் எத்தனை வேறான விதி!

மாஸிடோனியாவிலிருந்து வந்த குதிரை

அலெக்ஸாந்தரின் தகப்பனாரான பிலிப் மன்னர் கி. மு. 359 முதல் 336 வரையில் மாஸிடோனியாவை ஆண்டார். அவர் அடித்த பொற்காசின் தலைப் புறத்தில் இலைமாலை சூடிய அப்பல்லோ தேவனின் முகமும், பூப் புறத்தில் இரட்டைக் குதிரை பூட்டிய ரதமும் இருந்தன. அந்தக் காசு ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்த கெல்ட்டியர் அதைப் பார்த்துத் தாமும் அடித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பிரிட்டனில் இருந்தவர்களும் அடித்தார்கள்.

கை மாற மாற உருவமும் மாறிற்று. இரண்டு குதிரை ஒன்றாயிற்று. ரதம் மறைந்து, குதிரையின் வயிற்றுக்கடியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் தங்கிற்று. தேவனுடைய முகம் மறைந்து, அவன் சூடியிருந்த மாலையும் சுருண்ட கேசமும் கோலம் போன்ற வளைகோடுகளாயின. இந்த வம்சாவளியை முதன்முதலாக ஒழுங்காக ஆராய்ந்து வெளியிட்டவர் ஜான் எவன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர். பண்டைப் பிரிட்டானியர் நாணயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1864-ல் வெளிவந்தது.

இந்த மாறுதலைக் கண்டு, மூலத்தைப் பார்த்துச் சரியாக வரையத் தெரியாதவர்கள் என்று நெடுங்காலம் பலர் ஏளனம் செய்தார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஐசீனியர் என்ற குலத்தாரின் வெள்ளிக் காசில் ஒரு காட்டுப் பன்றி நிற்கிறது. அதன் முதுகு மயிர் சீப்பின் பற்களைப் போல் நிமிர்ந்து நிற்கிறது. மறுபுறத்துக் குதிரையின் கால்கள் மூட்டுக்கு மூட்டு ஒரு முத்தாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நான்கு கோட்டிலும் ஐந்து புள்ளியிலும் ஒரு பிராணியின் வேகத்தைக் காட்டத் தெரிந்தவனுக்கு வரையத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்து மயில் போடும் பெண்மணிகளுக்கு இந்த நுட்பம் உடனே புலப்படும்.

அக்கசாலையின் உள்ளே

காசு அடிக்கும் முறையும் அநாகரிகர்களின் முறையாகத் தோன்றவில்லை. சுட்ட களிமண்ணால் ஒரு தட்டுச் செய்து, அதில் பணியாரக் கல்லில் உள்ளது போல வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் உலோகத்தை நிறுத்துப் போட்டு, மேலே கரியை மூடித் துருத்தியால் ஊதுவார்கள். உருகி ஆறியதும் ஒரே எடையுள்ள குண்டுமணிகள் கிடைக்கும். அவற்றைத் தட்டித் தகடாக்கி, அடைகல்லில் பதித்த கீழ் அச்சுக்கும் கையில் பிடித்த மேல் அச்சுக்கும் நடுவில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் காசு ஆயிற்று. லிங்கன்ஷயர் ஜில்லாவில் பழைய ஸ்லீபர்டு என்ற இடத்தில் இத்தகைய களிமண் தட்டுகளின் சில்லுகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன.

ஐசீனியரின் வெள்ளிக் காசு ஒன்றின் எடை ஏறக்குறைய 1.25 கிராம். நம் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றின் எடைக்கு இத்தகைய காசுகள் ஒன்பது வைக்கலாம். எழுத்தும் தராசும் ரோமானியர் கொண்டுவந்து கொடுத்த வரப்பிரசாதம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பாதியளவான சிறு காசுகளும் சில குலங்களில் இருந்தன. பெரிய காசுக்குச் சிறு காசு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த ஜனங்கள் அவர்கள்.

காசின் மாற்றைப் பார்த்து ஒரு குலத்தின் அதிர்ஷ்டத்தையும் அறியலாம். இங்கிலாந்தின் தென்கரையில் இன்றைய டார்செட் ஜில்லாவில் டூரோட்ரிஜீஸ் என்ற குலத்தார் இருந்தார்கள். ஹெங்கிஸ்ட்பரி என்ற துறைமுகத்தின் வழியாக அவர்கள் கடலுக்கு அப்பாலுள்ள கெல்ட்டியரோடு வர்த்தகம் செய்து, குடம் குடமாகத் திராட்சை மது இறக்குமதி செய்தார்கள். அக்காலத்தில் அவர்கள் காசு நல்ல வெள்ளி. எதிர்க்கரையில் கப்பல் வியாபாரம் செய்துவந்த குலத்தை ஸீஸர் கி. மு. 56-ல் கடற்போரில் நசுக்கினார். பிறகு வியாபாரத்தின் போக்கு கிழக்கே திரும்பிற்று. டூரோட்ரிஜீஸ் காசில் செம்பின் கலப்பு ஏறிக்கொண்டே வந்தது. வெள்ளி மங்கி, கறுத்து, கடைசியில் வெறும் வெண்கலமே மிஞ்சியது. ஒரு குடும்பத்தில் நகை அடகுக்குப் போய், பிறகு வெள்ளிப் பாத்திரம் போய், கடைசியில் பித்தளைச் செம்பு மட்டும் நிற்பதைப் பார்ப்பது போலிருக்கிறது. இந்தக் கதையை எந்த ரோமானியனும் எழுதவில்லை, காசுகளே சொல்லுகின்றன.

பெயர் பொறித்த அரசர்கள்

முதலில் காசுகளில் எழுத்துக் கிடையாது. எழுத்தைக் கொண்டுவந்தவர்களில் முதல்வராக எண்ணப்படுபவர் காமியஸ். அவருடைய வாழ்க்கை ஒரு நாடகம் போன்றது. முதலில் அவர் ஸீஸரின் நண்பர். ஸீஸருக்குத் தூதராகப் பிரிட்டனுக்குச் சென்று அங்கே சிறைப்பட்டவர். பிறகு கி. மு. 52-ல் தம் இனத்தார் விடுதலைக்காக எழுந்தபோது அவர்களோடு சேர்ந்தார். சமாதானம் பேச அழைத்துச் சென்று அவரைக் கொல்ல ரோமானியர் சூழ்ச்சி செய்தார்கள். தலையில் காயத்தோடு தப்பினார். இனி எந்த ரோமானியன் முகத்திலும் விழிப்பதில்லை என்று விரதம் பூண்டு, இறுதியில் பிரிட்டனுக்கு ஓடி வந்தார். அங்கே அடித்த பொற்காசில் காமியஸ் என்ற பெயர் நிற்கிறது. ரோமானியர் முகத்தை வெறுத்தவர் அவர்களுடைய லிபியை வெறுக்கவில்லை. பகைவனிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பதைப் போல எழுத்தையும் பறித்துக்கொண்டார் எனலாம்.

அவருக்குப் பின் டிங்கோமாரஸ், எப்பில்லஸ், வெரிக்கா என்ற மூவர் தங்களைக் காமியஸின் குமாரர் என்று காசில் எழுதிக்கொண்டார்கள். எப்பில்லஸின் வெள்ளிக் காசு ஒன்றில் அரசன் என்று பொருள்படும் 'ரெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லும், அவன் தலைநகரான கல்லேவாவின் பெயரும் உள்ளன. ஆனால் வடக்கே டாஸ்கியோவானஸ் என்ற மன்னன் தன் பொற்காசில் லத்தீன் சொல்லை விட்டுவிட்டு 'ரிகோன்' என்று பொறித்தான். அது அரசனைக் குறிக்கும் கெல்ட்டியச் சொல் என்று அறிஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். லத்தீன் ரெக்ஸும், கெல்ட்டிய ரிகோனும், ஸம்ஸ்கிருத ராஜனும் ஒரே தாயின் பிள்ளைகள். அயல் எழுத்தை எடுத்துக்கொண்டபோதும் சொந்தச் சொல்லைக் கைவிடாத அந்த மன்னனை நம்மால் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

டாஸ்கியோவானஸின் குமாரன் என்று தன் காசில் கூறிக்கொண்டவன் குனோபெலின். ஷேக்ஸ்பியரின் 'ஸிம்பலீன்' நாடகத்தின் பெயர் இவனுடைய பெயரின் திரிபே. இவனுடைய பொற்காசில் பார்லிக் கதிர் ஒன்று; இவனுக்குப் போட்டியாகத் தெற்கே ஆண்ட வெரிக்காவின் பொற்காசில் திராட்சை இலை ஒன்று. நீ பார்லியில் வடித்த நாட்டு மதுவைக் குடி, நான் ரோமானியர் குடிக்கும் திராட்சை மதுவைக் குடிப்பேன் என்று இருவரும் காசின் மூலமாகச் சண்டை போட்டுக்கொண்டதாகச் சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை இருக்கட்டும். அந்தப் போட்டியின் முடிவு வேடிக்கையாக இல்லை. நாட்டை இழந்த வெரிக்கா ரோமாபுரிக்கு ஓடிச் சக்கரவர்த்தியின் உதவியை வேண்டினான். அந்த வேண்டுகோளைச் சாக்காக வைத்துக்கொண்டுதான் கிளாடியஸின் கப்பல்கள் புறப்பட்டன. உள்வீட்டுச் சண்டைக்கு வெளியாரைப் பஞ்சாயத்துக்கு அழைத்தால் வீடு யாருடையதாகும் என்பதை நாம் வேறு தேசத்துச் சரித்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பிறர் எழுதும்போது நம் பெயர் கூடச் சரியாக நிற்காது என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது. டிங்கோமாரஸை நெடுங்காலம் டிங்கோமியஸ் என்றே எல்லா நூல்களும் அழைத்தன. 1996-ல் ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்ற ஊரருகே அகப்பட்ட பொற்காசுகளில் முழுப் பெயர் இருந்தது. அதன் பிறகே நூல்கள் திருந்தின. லெஸ்டர் நகரைச் சூழ்ந்த பிரதேசத்தில் வாழ்ந்து, ஏராளமான வெள்ளிக் காசு அடித்த ஒரு குலத்தை ஏட்டுப் பிரதிகளின் பிழையால் கோரிட்டானியர் என்று உலகம் அழைத்து வந்தது. ஓர் ஓட்டில் கீறியிருந்த எழுத்து 1983-ல் சரியாகப் படிக்கப்பட்ட பிறகுதான் அவர்கள் கொரியெல்டாவி என்பது தெரிந்தது. ஒரு குலம் தன் சொந்தப் பெயரைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு பழைய ஓட்டுத் துண்டு உதவவேண்டியிருந்தது!

காரட்டகஸின் நான்கு எழுத்து

குனோபெலினின் குமாரர்களில் ஒருவன் காரட்டகஸ். கி. பி. 43-ல் ரோமானியப் படையை எதிர்த்து நின்று தோற்று, மேற்கே மலைநாட்டுக்குச் சென்று, வருஷக் கணக்காகப் போராடினான். கடைசியில் கார்ட்டிமாண்டுவா என்ற ராணியிடம் அடைக்கலம் புகுந்தான். அவளே அவனை விலங்கிட்டுப் பகைவரிடம் ஒப்படைத்தாள். கி. பி. 51-ல் ரோமாபுரியின் வீதியில் அவனையும் அவன் மனைவி மக்களையும் வேடிக்கைப் பொருளாக நடத்திச் சென்றார்கள். அங்கே சக்கரவர்த்தியின் முன் தலைவணங்காமல் அவன் கம்பீரமாகப் பேசியதாகவும், அதைக் கேட்டுக் கிளாடியஸ் அவனை மன்னித்ததாகவும் டாஸிடஸ் என்ற ரோமானியச் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார்.

பேச்சு மிக அழகானதுதான். ஆனால் அது லத்தீன் இலக்கணப்படி அமைந்த பேச்சு. ரோமானிய ஆசிரியர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் தம் பேனாவால் ஒரு கைதியின் வாயில் வைத்த பேச்சு. காரட்டகஸ் உண்மையில் வைத்துப் போன எழுத்து எது? சிற்சில வெள்ளிக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன. ஒருபுறம் சிங்கத் தோல் போர்த்த வீரனின் தலை. மறுபுறம் பாம்பைக் காலில் பற்றிய கழுகு. வீரன் தலையருகே ரோமானிய லிபியில் நான்கு எழுத்து: 'காரா' என்று படிக்கலாம். டாஸிடஸின் பேச்சு ரோமானியர் அவனைப் பற்றி நினைத்ததைச் சொல்லுகிறது. இந்த நான்கு எழுத்து அவன் தன்னைப் பற்றிச் சொன்னது.

ராணியும் கடன்காரர்களும்

தீவின் கிழக்கே நார்போக் ஜில்லாவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வாழ்ந்தவர்கள் ஐசீனியர். அவர்களுடைய வெள்ளிக் காசுகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஒரு வகையில், முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு பிறைகள் ஒருபுறமும், குதிரை மறுபுறமும் உள்ளன. குதிரையின் கீழே நான்கு எழுத்து: 'எக்கென்.' இது அரசன் பெயரன்று, குலத்தின் பெயரே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். மற்றக் குலங்களில் மன்னர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு குலம் முழுவதும் ஒன்றாகக் கையெழுத்திட்டது போல் இருக்கிறது.

ஐசீனியரின் இன்னொரு அரிய வெள்ளிக் காசில் ரோமானியப் பாணியில் ஒரு முகமும், சுற்றிலும் லத்தீனில் ஒரு முழு வாக்கியமும் இருக்கின்றன. 'எஸுப்ராஸ்டஸின் கீழ், எஸிகோ செய்தான்' என்பது அதன் பொருள். மன்னன் பெயருக்குச் சமமாக, காசு செய்த கைவினைஞன் தன் பெயரைப் பொறித்துக்கொண்டிருக்கிறான். கோபுரம் கட்டிய தச்சன் பெயரும் சிலை வார்த்த ஸ்தபதி பெயரும் மறைந்து போவதே வழக்கமாகிவிட்ட உலகத்தில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய இந்தத் தட்டானின் துணிவு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ரோமானியரோடு ஐசீனியர் முதலில் சிநேகமாகவே இருந்தார்கள். கி. பி. 47-ல் அவர்களுடைய ஆயுதங்களைப் பறிக்க ஆளுநர் உத்தரவிட்டபோது ஒருமுறை எதிர்த்துத் தோற்றார்கள். பிறகு பிரஸுட்டாகஸ் என்ற மன்னன் ரோமானியருக்கு அடங்கி ஆண்டான். அவன் இறக்கும் தறுவாயில் சக்கரவர்த்தி நீரோவையும் தன் இரண்டு பெண்களையும் கூட்டு வாரிசுகளாக்கி உயில் எழுதினான்; பாதியைக் கொடுத்தால் மீதியாவது பிழைக்கும் என்பது அவன் எண்ணம். உயிலை ரோமானிய அதிகாரிகள் காற்றில் பறக்க விட்டார்கள். ராஜ்யத்தைக் கொள்ளையிட்டார்கள். விதவையான ராணி பூடிக்காவைச் சவுக்கால் அடித்தார்கள். அவளுடைய பெண்களை மானபங்கம் செய்தார்கள். இவற்றை எழுதியவர் ரோமானியரான டாஸிடஸே.

காஸியஸ் டியோ என்ற மற்றொரு சரித்திராசிரியர் பணத்தின் கதையைச் சொல்லுகிறார். கிளாடியஸ் பிரிட்டானியத் தலைவர்களுக்குக் கொடுத்த பணத்தை, அது வெகுமதி அல்ல, கடன் என்று சொல்லித் திரும்பக் கேட்டார்களாம். ஸெனகா என்ற தத்துவ ஞானி, வேண்டாமென்றவர்கள் தலையில் ஒரு கோடி டெனாரியஸ் மதிப்புள்ள கடனைக் கட்டி, பிறகு ஒரே மூச்சில் வசூலிக்க முற்பட்டாராம். துறவைப் பற்றி அழகாகப் போதித்தவர் வட்டிக் கணக்கையும் மறக்கவில்லை போலும்! முதலில் வெகுமதியாக வருவது பிறகு கடனாகி, கடைசியில் விலங்காக மாறுவதை நாம் இங்கே கண்ணாரக் காண்கிறோம்.

கி. பி. 60 அல்லது 61-ல் பூடிக்கா கிளர்ந்தெழுந்தாள். இன்று கோல்செஸ்டர் என வழங்கும் நகரும், லண்டனும், வெருலாமியமும் எரிந்து சாம்பலாயின. லண்டனிலும் கோல்செஸ்டரிலும் ஆழத் தோண்டினால் அந்த நெருப்பில் சிவந்த மண்ணடுக்கு இன்றும் தென்படுகிறது. இரு தரப்பிலும் கொடுமை அளவு கடந்தது. முடிவில் ரோமானியப் படை வென்றது, ராணி மாண்டாள். அவளும் பேசியதாக ரோமானிய நூல்களில் நீண்ட சொற்பொழிவுகள் உண்டு. அவள் பெயர் பொறித்த காசு ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவளுடைய ஜனங்கள் புதைத்த காசுகள் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ்ஷயரில் மார்ச் என்ற ஊரருகே 1982-ல் ஒரு பானை அகப்பட்டது. அதில் ஐசீனியரின் வெள்ளிக் காசுகள் 872 இருந்தன. வேறு சில புதையல்களில் ஐசீனியக் காசோடு நீரோவின் ஆரம்ப காலத்து ரோமானியக் காசும் கலந்திருக்கிறது. கலகக் காலத்தில் அஞ்சிப் புதைத்தவர்கள் மீண்டும் தோண்டி எடுக்க உயிரோடு திரும்பவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தெய்வத்துக்குக் காணிக்கையாகப் புதைத்தவையும் இருக்கலாம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுகிறார்கள். எதுவாயினும், அதன் பிறகு அந்தக் குலத்தின் அக்கசாலையில் உலை மூளவில்லை. பிரிட்டனில் சொந்தக் காசு நின்றது. சக்கரவர்த்தியின் முகமே எல்லோருடைய முடிச்சிலும் இருந்தது.

1902-ல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில், பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே, ரதத்தில் ஏறி நிற்கும் பூடிக்காவின் வெண்கலச் சிலையை நாட்டினார்கள். ஏகாதிபத்தியத்தை எதிர்த்த ஒரு ராணிக்கு உலகத்தின் மிகப் பெரிய ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் சிலை! அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1854-ல், தத்துப் புத்திரனின் வாரிசு உரிமையை ஒப்புக்கொள்ளாமல் ஜான்ஸி ராஜ்யத்தைக் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஒரு விதவை ராணி வாளெடுத்தாள். 1858-ல் போர்க்களத்தில் மடிந்தாள். லக்ஷ்மிபாயை அவர்கள் கலகக்காரி என்று எழுதினார்கள். தம் தீவில் போற்றிய குணத்தைப் பிறர் தேசத்தில் குற்றமாகக் கண்ட இந்த விசித்திரத்தை என்னென்பது!

மண் காத்த சாட்சி

2000-ஆம் வருஷத்தில் லெஸ்டர்ஷயரில் ஹாலட்டன் என்ற கிராமத்தருகே ஒரு குன்றின்மேல், உள்ளூர் ஆராய்ச்சிக் குழுவினர் காசுகளைக் கண்டார்கள். பிறகு முறையாகத் தோண்டிப் பார்த்ததில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் வெளிப்பட்டன. பெரும்பாலும் கொரியெல்டாவி குலத்தாரின் வெள்ளிக் காசுகள். பன்றி எலும்புகள் குவியலாகக் கிடந்தன. திருவிழா விருந்தின் மிச்சம். வெள்ளித் தகடு போர்த்துப் பொன் முலாம் பூசிய ஒரு ரோமானியத் தலைச் சீராவும் அங்கே கிடைத்தது. சுவரும் கூரையும் இல்லாத கோயில் போன்ற அந்த இடத்தில், ரோமானியர் வந்திறங்கிய காலத்தை ஒட்டி, ஒரு குலம் தன் செல்வத்தை மண்ணுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறது. இன்று அவை பக்கத்திலுள்ள மார்க்கெட் ஹார்பரோ என்ற சிற்றூரின் பொருட்காட்சிச் சாலையில், அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.

பெரிய நூல்களையும் பெரிய கட்டடங்களையும் மட்டுமே சரித்திரம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நூலை எரிக்கலாம், கட்டடத்தை இடிக்கலாம், தோற்றவனின் வாயில் நம் இஷ்டப்படி பேச்சைப் புகுத்தலாம். ஆயிரம் கைகளில் புழங்கிய சிறு காசை மட்டும் முழுவதும் அழித்துவிட எந்தச் சக்கரவர்த்தியாலும் முடியவில்லை. அதை அழிக்க வல்லது ஒன்றே ஒன்றுதான்: மதிப்புத் தெரியாதவனுடைய மூசை. நம் வீடுகளிலும் பாட்டிமார் பெட்டியில் எழுத்துத் தேய்ந்த பழங்காசுகள் கிடக்கும். வெள்ளி விலை ஏறும்போது அவற்றை எடையில் போட்டு உருக்கக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுப்பதற்கு முன், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். யாரோ ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லி வைத்த நான்கு எழுத்து அதில் இருக்கக்கூடும்.